துணி டயப்பர் வாங்கலாமா? ஒரு வருஷம் துவைத்தவன் சொல்கிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் துணி டயப்பர் துவைப்பது நான்தான். “நீங்க துவைக்கறதா இருந்தா வாங்குங்க, என் தலையில கட்டறதா இருந்தா வேண்டாம்” என்று மனைவி ஒரே வரியில் பேச்சை முடித்துவிட்டாள், அது நியாயமும்கூட. அதனால் வெள்ளைப் படுக்கையில் பூப்போட்ட டயப்பரோடு குழந்தை சிரிக்கிற விளம்பரப் படம் மாதிரி இதில் எதுவும் இருக்காது. பாத்ரூமில் குத்தவைத்து உட்கார்ந்து ஆய் அலசியவன் எழுதுகிற விமர்சனம் இது. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் அப்புறம் வந்து படியுங்கள்.

கோயம்புத்தூரில் இருக்கிறோம். மகள் போன வருஷம் ஆடியில் பிறந்தாள், துணி டயப்பரை ஐப்பசியில் தொடங்கினோம், இப்போது அடுத்த ஐப்பசியும் போய்க் கார்த்திகை நடக்கிறது. ஐப்பசி அடைமழையில் இதை ஆரம்பிப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது தெரியவில்லை. ஆடியிலேயே ஆரம்பித்திருந்தால் எங்கள் ஊர்க் காற்றுக்குக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்திருக்கும். நீங்கள் தொடங்குவதாக இருந்தால் தை பிறந்த பிறகு எந்த மாசம் வேண்டுமானாலும் தொடங்குங்கள், மழை மாசத்தில் மட்டும் வேண்டாம்.

ஏன் தொடங்கினோம் என்றால், குப்பைதான். முதல் மூன்று மாசம் எல்லாரையும் போல யூஸ் அண்ட் த்ரோ டயப்பர்தான் போட்டோம். ஒரு நாளைக்கு ஆறு, சில நாள் ஏழு. காலையில் வண்டி தள்ளிக்கொண்டு வருகிற தூய்மைப் பணியாளர் அக்கா ஒரு நாள், “டயப்பரைத் தனியா பேப்பர்ல சுத்திக் குடுங்க தம்பி, பிரிக்கும்போது கையில ஒட்டுது” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. என் மகளின் ஆயை இன்னொருவர் கையால் பிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே பயன்படுத்திய டயப்பரைச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று இருந்தது, எனக்கு அது அந்த அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி புது டயப்பர் ஒன்றைக் கத்தரித்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சு மாதிரி மரக்கூழ், அதற்கு நடுவில் உப்பு மாதிரிக் குட்டிக் குட்டி மணிகள், சோடியம் பாலிஅக்ரிலேட் என்று பெயர். அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினால் ஜவ்வரிசி வெந்த மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. மேலும் கீழும் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் படலம். இது மக்குகிற சாமான் இல்லை என்று தெரிந்துகொள்ள வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் குப்பை வெள்ளலூர் கிடங்குக்குப் போகிறது. 2024 ஏப்ரலில் அங்கே பிடித்த தீயை அணைக்கப் பல நாள் ஆனது, அப்போது மனைவி மாசமாக இருந்தாள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. சரி, ஆறில் நாலையாவது குறைப்போம் என்றுதான் இறங்கினோம். முழுசாக நிறுத்துவது என்று சபதம் எதுவும் எடுக்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் முழுசாக நிறுத்தவும் இல்லை.

முதலில் கடைக்குத்தான் போனேன். கிராஸ்கட் ரோட்டில் குழந்தைச் சாமான் விற்கிற ஒரு பெரிய கடை. துவைத்துப் போடுகிற துணி டயப்பர் வேண்டும் என்றால் விற்பனைப் பெண்ணுக்குப் புரியவில்லை. நாடா வைத்த முக்கோணத் துணியை எடுத்துப் போட்டார், அப்புறம் பிளாஸ்டிக் ஜட்டி ஒன்றைக் காட்டினார், கடைசியில் “பேன்ட் டைப்பே எடுத்துக்கோங்க சார், எல்லாரும் அதான் வாங்கறாங்க” என்று ஒரு மூட்டையை நீட்டினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்கிற ஆள் இருந்தால்தானே கடையில் வைப்பார்கள். அதனால் கிட்டத்தட்ட எல்லாமே ஆன்லைனில்தான் வாங்கினேன். நம் நாட்டிலேயே தைக்கிற கம்பெனிகள் இப்போது நிறைய இருக்கின்றன. நான் பெயர் போடப் போவதில்லை. ஒரு கம்பெனியின் ஒரு டயப்பர் என் மகளின் தொடைக்குப் பொருந்தவில்லை என்பதால் அது மோசம் என்று ஆகாது, உங்கள் பிள்ளை தொடை வேறு.

முதல் பார்சல் வந்த அன்று மாமியார் வீட்டில் இருந்தார். 600 ரூபாய்க்கு மேல் ஒன்று என்று கேட்டதும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங்க மாப்ள, காசு குடுத்துக் கோமணம் வாங்கறீங்களாக்கும்?” என்றார். “இல்லீங்கத்தை, இது ஒழுகாது” என்றேன். “நாங்க உங்க மாமா வேட்டியக் கிழிச்சுக் கட்டித்தான் மூணு புள்ளைகளை வளத்துனோம், அப்ப யாரும் 600 ரூவா கேக்கலை” என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வருஷம் கழித்து என் கணக்கையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி, எப்படி என்று சொல்கிறேன்.

துணி டயப்பர் என்றால் ஒரே சாமான் இல்லை, நான் நாலு வகை போட்டுப் பார்த்தேன். நாலுக்கும் குணம் வேறு.

முதலாவது பாக்கெட் வகை. வெளியே பூப்போட்ட, தண்ணீர் போகாத துணி, உள்ளே மெத்தென்று ஈரம் தெரியாத ஒரு துணி, ரெண்டுக்கும் நடுவில் பை மாதிரி வாய். அந்த வாய் வழியாக, ஈரத்தை உறிஞ்சுகிற பேடைத் திணிக்க வேண்டும், முடிந்ததும் உருவ வேண்டும். உருவுவதுதான் சிக்கல், ஆய் போன டயப்பருக்குள் கையை விட்டு மூத்திரம் ஊறிய பேடை இழுத்து எடுக்கும்போது மனுஷனுக்குப் பல ஞானம் வரும். இந்த வகையோடு பெரும்பாலும் மைக்ரோஃபைபர் என்கிற செயற்கை இழையில் செய்த பேட் தருகிறார்கள். வேகமாக உறிஞ்சுகிறது, சீக்கிரம் காய்கிறது, அதெல்லாம் சரி. ஆனால் அது ஸ்பாஞ்ச் மாதிரி, அழுத்தினால் உறிஞ்சியதை அப்படியே கக்கிவிடும். நம் ஊரில் குழந்தையை எப்படித் தூக்குகிறோம்? இடுப்பில். இடுப்பில் வைத்ததும் தொடை ஓரமாகப் பிழிந்த மாதிரி ஒழுகி என் சட்டை நனைந்தது எத்தனை தடவை என்று கணக்கில்லை. முதல் வாரம் டயப்பரில் ஓட்டை என்றே நினைத்தேன். மைக்ரோஃபைபர் பேடுக்கு அடியில் ஒரு பருத்தித் துணியை மடித்து வைத்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இன்னொன்று, மைக்ரோஃபைபரைத் தோலில் நேராகப் படுகிற மாதிரி வைக்கக் கூடாது, தோலில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்து இழுத்துக் காய வைத்துவிடும். பையின் உள்ளேதான் இருக்க வேண்டும். நாலு வாங்கினேன், ஒன்று 350. திரும்ப வாங்க மாட்டேன்.

ரெண்டாவது, பேடும் கவரும் சேர்ந்தே இருக்கிற வகை, பேடை டிச் பட்டனில் மாட்டியே வைத்திருக்கலாம். பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டு அக்கா என்று யார் கையில் கொடுத்தாலும் கட்டிவிடுவார்கள், ஏனென்றால் கட்டுகிற முறை யூஸ் அண்ட் த்ரோ மாதிரியேதான். மாமியார் ‘கோமணம்’ என்று சொன்னது இதைத்தான். இது ஒழுகுவது குறைவு, குழந்தையும் தொந்தரவு இல்லாமல் தவழ்ந்தாள். விலை 650 என்பது ஒரு பக்கம், காய்வதற்கு எடுக்கிற நேரம்தான் எனக்குப் பெரிய குறை. பருத்திப் பேட் பல அடுக்கு கனமாகத் தைத்திருக்கிறார்கள், வெயில் நாளிலேயே மதியம் தாண்டும், ஐப்பசியில் ஃபேனுக்கு அடியில் ரெண்டு நாள் கிடந்தும் மடிப்புக்குள் சில்லென்று இருந்தது. ரெண்டோடு நிறுத்தினேன். மகள் இப்போது போகிற குழந்தைகள் காப்பகத்துக்கு இதைத்தான் கொடுத்து அனுப்புகிறோம். அங்கே முதலில் “துணியெல்லாம் நாங்க பாக்க முடியாதுங்க” என்றுதான் சொன்னார்கள். ஜிப் வைத்த தண்ணீர் ஒழுகாத பை ஒன்றையும் கொடுத்து, கழற்றி இதில் போட்டால் போதும், அலச வேண்டியதில்லை என்று கட்டிக் காட்டியதும் அரைமனசாக ஒத்துக்கொண்டார்கள். இப்போது அந்த ஆயாவே மற்ற அம்மாக்களிடம் காட்டுகிறாராம்.

மூன்றாவதுதான் என்னுடைய கட்சி. வெறும் கவர், அதற்குள் மடித்து வைக்கிற வெறும் துணி. கவர் என்பது பாலியூரித்தேன் படலம் ஒட்டிய துணி, உள்ளே உறிஞ்சுவதற்கு எதுவும் கிடையாது, அதனால் 15 நிமிஷத்தில் உதறினாலே காய்ந்துவிடும். ஆய் படாமல் மூத்திரம் மட்டும் என்றால் ஈரத் துணியால் துடைத்துக் காற்றாட விட்டு அதையே மறுபடி போடலாம், நாளைக்கு ரெண்டு கவர் மாற்றி மாற்றி ஓட்டிவிடுவேன். உள்ளே வைக்கிற துணி? ஈரோடு கனி மார்க்கெட்டுக்கு வேறு வேலையாகப் போனபோது மல் துணி மீட்டர் 60 ரூபாய் என்று 10 மீட்டர் எடுத்துவந்தேன். டெய்லர் அண்ணன் ஓரம் அடித்துக் கொடுத்தார், என்ன ஏது என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், காசு வாங்கவில்லை. அப்புறம் மாமியார் கை கொடுத்தார். பழைய எட்டு முழ வேட்டி ஒன்றில் நாலு துண்டு வரும். பல வருஷம் துவைத்த வேட்டிக்கு ஈடான உறிஞ்சும் துணி எந்தக் கம்பெனியிலும் இல்லை, சத்தியமாக. புதுப் பருத்தியில் கஞ்சியும், பஞ்சிலேயே இருக்கிற மெழுகும் எண்ணெயும் போகும்வரை தண்ணீர் உள்ளே இறங்காது, அதனால்தான் புது பேடை ஐந்தாறு தடவை துவைத்துக் காய வைத்த பிறகுதான் முழுசாக உறிஞ்சும். பழைய வேட்டிக்கு அந்த வேலையெல்லாம் இருபது வருஷம் முன்பே முடிந்துவிட்டது. துண்டை நாலாக மடித்து, அப்புறம் மூன்றாகப் பட்டை மாதிரி மடித்துக் கவருக்குள் நீளவாக்கில் வைத்தால் போதும், பெண் குழந்தைக்கு நடுவிலும் பின்பக்கமும் கனம் வேண்டும், பையன் என்றால் முன்பக்கம். ஊக்கு, நாடா எதுவும் வேண்டாம், கவரின் டிச் பட்டன் பிடித்துக்கொள்ளும். அடுக்கு அடுக்காகத் தைக்காமல் பிரித்துக் காயப்போடலாம் என்பதால் சித்திரை வெயிலில் அரை மணி, மழையில் ஃபேனுக்கு அடியில் ஒரு ராத்திரி. “இதைத்தானே நானுஞ் சொன்னேன்” என்று மாமியார் இதுவரைக்கும் நூறு தடவையாவது சொல்லியிருப்பார், சொல்லட்டும்.

நாலாவது, நாடா வைத்த முக்கோணத் துணி, கடையில் முதலில் காட்டினார்களே அது. ஈரம் தாங்காது, ஒரு தடவை போனால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் பிறந்த புதிதில் இதைவிட நல்லது இல்லை. பெரிய கவர்களில் 5 கிலோவிலிருந்து என்று போட்டிருப்பதை நம்பி, தொடங்கியதுமே போட்டுப் பார்த்தோம், குச்சிக் கால் ரெண்டும் ஓட்டைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. கால் கொஞ்சம் சதைபிடிக்கிற வரைக்கும், அப்புறம் வெயில் காலத்தில் வீட்டில் சும்மா கிடக்கும்போது, முக்கோணம்தான். பிள்ளைக்குக் காற்றாவது படும்.

ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய, எனக்குத் தெரிந்தே மூன்று வீடு. டயப்பரைக் குறை சொல்வதற்கு முன்னால் தொடை எலாஸ்டிக் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். தொடையில் இல்லாமல் ஜட்டி வரம்பில், தொடை இடுக்குக்குள் போய் உட்கார வேண்டும். இடுப்பில் ரெண்டு விரல் போகிற அளவுக்கு இறுக்கம் இருந்தால் சரி. உள்துணியின் நுனி ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் திரி மாதிரி ஈரத்தை வெளியே கொண்டுவந்துவிடும், விரலை விட்டு ஒரு சுற்றுத் தள்ளிவிட வேண்டும். அப்புறம் நேரம். அட்டைப்பெட்டியில் எத்தனை மணி நேரம் போட்டிருந்தாலும் நான் எழுதுவது ரெண்டரை மணி நேரம், மிஞ்சினால் மூன்று. ஆய் போனால் அந்த நிமிஷமே. இதைச் சோம்பல்பட்டால் துணியிலும் தோல் சிவக்கும். துணிக்கு மாறினால் சிவப்பே வராது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், எங்களுக்கு ஒரு தடவை வந்தது, சித்திரையில், மாற்றாமல் தூங்கவிட்டதில். டாக்டரிடம் காட்டினோம், கொஞ்ச நாள் திறந்து விடச் சொன்னார், சரியானது. தொடை இடுக்கில் சிவப்பு ரெண்டு நாளுக்கு மேல் போனாலோ, புள்ளி புள்ளியாகப் பரவினாலோ கை வைத்தியம் பார்க்காமல் காட்டிவிடுங்கள். இன்னொன்று, எண்ணெயோ கெட்டியான க்ரீமோ தடவிவிட்டு மேலே துணி டயப்பர் போட்டால் அது துணியில் ஏறிக்கொண்டு அப்புறம் தண்ணீரையே உறிஞ்ச விடாது. க்ரீம் போடுகிற நாளில் நடுவில் ஒரு பழைய பருத்தித் துண்டை விரித்துவிடுங்கள்.

இனித் துவைக்கிற கதை. எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். பயந்த அளவுக்கு இல்லை, ஆனால் முறை தெரியாமல் நான் பல மாசம் படாத பாடு பட்டேன்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற வரைக்கும் ஆய் தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். சோறு ஊட்ட ஆரம்பித்த பிறகு முதலில் டாய்லெட்டில் தட்டிவிட்டு, கை ஷவரால் பீய்ச்சி அடித்தால் முடிந்தது. வெளிநாட்டுக்காரர்கள் துணி டயப்பர் அலசுவதற்கென்றே தனியாக ஒரு ஸ்பிரேயர் வாங்கி மாட்டுகிறார்கள், நமக்கு அது ஏற்கெனவே ஒவ்வொரு டாய்லெட்டிலும் தொங்குகிறது. இந்த விஷயத்தில் உலகத்துக்கே நாம்தான் முன்னோடி.

அலசியதை எங்கே வைப்பது என்பதில்தான் மாட்டினேன். மூடி போட்ட வாளியில் ரெண்டு நாள் சேர்த்து வைத்து மொத்தமாக மெஷினில் போடலாம் என்று திட்டம். சித்திரை மாசம் ஒரு சாயங்காலம் மூடியைத் திறந்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. மூத்திரத்தில் இருக்கிற யூரியாவை பாக்டீரியா உடைத்து அம்மோனியாவாக்கிவிடும், மூடி வைத்தால் அது போகிறதுக்கும் இடமில்லை. இப்போது ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடைதான், மூடி கிடையாது, ராத்திரித் துணியைக் காலையில் முதல் வேலையாக ஒரு தண்ணீர் அலசிவிடுவேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெஷின்.

ரெண்டாவது பாடம் உப்புத் தண்ணீர். எங்கள் வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வருகிறது, மெஷினுக்குப் போவது போர் தண்ணீர். அதில் சோப்பு சரியாக நுரைக்காது, நுரைக்கவில்லையே என்று இன்னும் ரெண்டு கரண்டி போட்டேன், உப்பும் சோப்பும் சேர்ந்து இழையில் படிந்து போய், மாசி மாசம் பார்த்தால் எல்லாத் துணியும் அட்டை மாதிரி விறைத்து நின்றது. பேடில் தண்ணீர் தெளித்தால் சேம்பு இலையில் உருள்கிற மாதிரி உருண்டு ஓடியது. மிருதுவாகட்டும் என்று வாசனை கண்டிஷனர் வேறு ஊற்றியிருந்தேன், அது இழைமேல் வழுவழுவென்று ஒரு பூச்சு பூசிவிடும், சட்டைக்குச் சரி, உறிஞ்ச வேண்டிய துணிக்கு எதிரி. அப்புறம் ஒருவர் சொல்லித் திருந்தினேன்: சோப்புத் தூள் வழக்கமான அளவு, அதோடு ஒரு கரண்டி வாஷிங் சோடா, கண்டிஷனர் அறவே கிடையாது, கடைசி அலசல் மட்டும் கையால் ரெண்டு வாளி சிறுவாணித் தண்ணீரில். ரெண்டு வாரத்தில் துணி பழையபடி ஆனது. நல்ல தண்ணீர் எந்நேரமும் வருகிற பகுதியில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இருக்காது, கொடுத்துவைத்தவர்கள்.

மூன்றாவது பாடம் என் அம்மாவிடமிருந்து. ஊரிலிருந்து வந்தவர், பிள்ளைத் துணி என்றால் வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தில் அடுப்பில் கொதித்த தண்ணீரை ரெண்டு கவர் மேல் ஊற்றிவிட்டார். உள்ளிருக்கிற படலம் தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்தது, 800 ரூபாய் போச்சு. கவருக்குச் சாதாரணத் தண்ணீர் போதும், காயப்போடுவதும் நிழலில். வேட்டித் துணியையும் பேடையும் எவ்வளவு வெயிலில் வேண்டுமானாலும் போடலாம், போட வேண்டும், மஞ்சள் கறையை ஈரத்தோடு வெயிலில் காயப்போட்டால் மதியத்துக்குள் மங்கிவிடும். சோப்பு தேய்த்துக் கையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர் வீணாகவில்லையா, மெஷினுக்குக் கரண்ட் ஆகவில்லையா, அப்புறம் என்ன சுற்றுச்சூழல் என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், பதில் தேடிப் படித்தேன். 2008-ல் பிரிட்டனில் அரசின் சுற்றுச்சூழல் முகமை இதைக் கணக்குப் போட்டிருக்கிறது. ஒரு குழந்தைக்கு ரெண்டரை வருஷத்துக்கு யூஸ் அண்ட் த்ரோவில் சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு என்றால், சராசரியாகத் துவைத்த துணியில் சுமார் 570. அதாவது துணியே கொஞ்சம் அதிகம்! படித்ததும் பகீரென்றது. ஆனால் முழு லோடாகத் துவைத்து, டிரையரில் போடாமல் கொடியில் காயப்போட்டு, அதே துணியை ரெண்டாவது குழந்தைக்கும் வைத்துக்கொண்டால் சுமார் 200 கிலோ குறைகிறது. அவர்கள் மெனக்கெட்டுச் செய்ய வேண்டிய அந்த மூன்றையும் நம் வீடுகளில் யாரும் சொல்லாமலே செய்கிறோம். டிரையர் என் தெருவில் ஒரு வீட்டிலும் இல்லை, வெந்நீரில் மெஷின் ஓட்டுகிறவர்களும் இல்லை, பிள்ளைத் துணி அக்கா வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்குப் போவது காலங்காலமாக நடக்கிறது. தண்ணீர் செலவாகிறது, மறுக்கவில்லை, அலசுவதற்கு நாளைக்கு மூன்று வாளி. அலசிய கடைசித் தண்ணீர் வாசல் செடிக்குப் போகிறது. தண்ணீருக்கு லாரி பிடிக்கிற வீட்டில் இருக்கிறவர்களிடம் நான் இதை வற்புறுத்த மாட்டேன்.

காசுக் கணக்கு. பாக்கெட் நாலு 1,400, பேடோடு சேர்ந்தது ரெண்டு 1,300, கவர் நாலு 1,600, மல் துணி 600, கூடுதல் பேட் நாலு 600, ஆக மொத்தம் 5,500 ரூபாய். முன்பு மாசத்துக்கு 1,900 ரூபாய்க்கு டயப்பர் வாங்கிக்கொண்டிருந்தோம், இப்போது 400-க்குள் நிற்கிறது. சோப்பு, கரண்ட் என்று ஒரு 200 கழித்தாலும் நாலரை மாசத்தில் போட்ட காசு வந்துவிட்டது. அம்மா உரித்த ரெண்டு கவருக்குப் பதில் வாங்கியதைச் சேர்த்தால் ஐந்து மாசம். புத்திசாலித்தனமாக வாங்கியிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது.

அந்த 400 ரூபாய் எதற்கு என்றால், ராத்திரிக்கும் பயணத்துக்கும். ராத்திரியில் துணி போட்டுப் பார்த்தோம், ரெண்டு அடுக்கு, மூன்று அடுக்கு எல்லாம் வைத்தோம், பிள்ளை தவளை மாதிரிக் காலை விரித்துக்கொண்டு படுத்தாள், அப்படியும் விடியற்காலை நாலு மணிக்கு நனைந்து எழுந்து அழுதாள், எழுப்பி மாற்றினால் ஐந்து மணி வரைக்கும் விளையாட்டு. தூக்கமா கொள்கையா என்று வந்தபோது தூக்கம் ஜெயித்தது. பழனிக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யூஸ் அண்ட் த்ரோதான், அதைப் பேப்பரில் சுற்றி அக்கா கையில் தனியாகக் கொடுத்துவிடுவோம். சில துணி டயப்பர் குழுக்களில் இதைச் சொன்னால் துரோகி மாதிரிப் பார்க்கிறார்கள். எனக்குக் கவலையில்லை, நாளைக்கு ஆறாக இருந்தது ஒன்றாகியிருக்கிறது.

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்கள் யாராவது தொடங்க நினைத்தால், நான் செய்த மாதிரி ஒரே நாளில் மொத்தமாக ஆர்டர் போடாதீர்கள். கவர் ரெண்டு, அளவு மாற்றுகிற டிச் பட்டன் வைத்தது, ரெண்டும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால் எது உங்கள் பிள்ளை தொடைக்குப் பொருந்துகிறது என்று தெரிந்துவிடும். பேடோடு சேர்ந்தது வேண்டுமானால் ஒன்று. மொத்தம் 1,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். காலை எட்டிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மட்டும், அதுவும் வீட்டில் இருக்கிற சனி ஞாயிறு மட்டும் ஒரு மாசம் ஓட்டிப் பாருங்கள். யார் துவைப்பது என்பதை வாங்குவதற்கு முன்னாலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள், எங்கள் வீட்டில் இது நிலைத்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். துணி டயப்பர் நல்லது என்று அப்பா படித்துவிட்டு வந்து சொல்ல, அம்மா துவைத்துச் சாகிற வீட்டில் இது ரெண்டு வாரம் தாண்டாது.

கவரில் வெள்ளையும் இளமஞ்சளும் எடுக்காதீர்கள், பீட்ரூட்டும் கேரட்டும் ஊட்ட ஆரம்பித்த பிறகு ஏன் என்று தெரியும். உள்துணிக்கு பீரோவின் அடியைத் தேடுங்கள், கரை போன வேட்டி எல்லா வீட்டிலும் ரெண்டு மூன்று கிடக்கும். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் யாருடையது என்று கேட்டுவிட்டுக் கிழியுங்கள். நான் கேட்காமல் எடுத்தது மாமனார் கோயிலுக்கென்று தனியாக மடித்து வைத்திருந்த வேட்டி. போன மாசம் கொடியில் காய்ந்துகொண்டிருந்த நாலு துண்டையும் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். “ஏனுங்க மாப்ள, அந்தக் கரையை எங்கயோ பாத்த மாதிரி இருக்குதுங்களே” என்றார்.